விரல எடுக்க கார்டு இருக்கு, விரலக் காப்பாத்த மாத்திரை இல்ல: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

போன புதன்கிழமை எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல அம்மாவுக்கு சுகர் மாத்திரை வாங்கப் போனேன், பத்து நாளைக்குத்தான் குடுத்தாங்க. "ஸ்டாக் வரலம்மா, மீதிய வெளிய வாங்கிக்கோங்க"ன்னு மருந்து குடுக்குற ஜன்னல்ல இருந்த அக்கா சொன்னாங்க. அவங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, காலைல இருந்து எத்தன பேருக்கு அதே பதில சொல்லிருப்பாங்கன்னு அவங்க முகத்துலயே தெரிஞ்சுது. ஆனா போன வருஷம் இதே மாதிரி பத்து நாள் மாத்திரையில ஆரம்பிச்சுதான் எங்கம்மாவுக்கு வலது கால்ல ரெண்டு விரல் போச்சு. அதனால இந்த தடவ மாத்திரை அட்டைய வாங்கிட்டு சும்மா வீட்டுக்கு வர மனசு வரல, எழுதுறேன்.

எங்கம்மாவுக்கு 58 வயசு, ஒன்பது வருஷமா சுகர். நூறு நாள் வேலைக்குப் போவாங்க, அது இல்லாதப்ப களையெடுக்க, நடவு நட. நான் டவுன்ல ஒரு ஜவுளிக்கடையில பில்லிங் பாக்குறேன், மாசம் 11,500. அப்பா இல்ல. முதல் ஆறேழு வருஷம் ஒரு குறையும் சொல்ல முடியாது, மாசம் ஒரு தடவ போவாங்க, ரத்தம் எடுப்பாங்க, விற்பனைக்கு அல்லன்னு அச்சடிச்ச அட்டை அட்டையா 30 நாளைக்கு மாத்திரை குடுத்துருவாங்க, மஞ்சப்பையில போட்டு சாமி படத்துக்குப் பின்னாடி வச்சுப்பாங்க. அப்புறம் எப்பன்னு தெரியல, 30 நாள் 15 நாளாச்சு, 15 பத்தாச்சு. நீங்க ஆபீஸ்ல உக்காந்து பாக்கும்போது இது சின்ன விஷயமா தெரியலாம், மாத்திரை குடுத்துட்டுத்தான இருக்கோம்னு. எங்க வீட்டுல அது என்ன பண்ணுச்சுன்னு சொல்றேன். மாசத்துக்கு ஒரு நாள் கூலி போனது மூணு நாள் கூலியாச்சு. அம்மா என்ன பண்ணாங்க, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு போடறத காலைல மட்டும் போட ஆரம்பிச்சாங்க, பத்து நாள் மாத்திரை இருபது நாள் வரும்ல. எங்கிட்ட சொல்லல. சொன்னா நான் கடைல அட்வான்ஸ் வாங்கி வெளிய வாங்கிருவேன்னு பயம்.

வீடு தேடி வந்து சுகர் பாக்கற அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவத்துல இருந்து மாசா மாசம் ஒரு அக்கா வருவாங்க. பாவம் எத்தன வீடு ஏறி இறங்கறாங்களோ. ஒரு தடவ விரல்ல குத்திப் பாத்துட்டு 340 இருக்குன்னு சொல்லிட்டு போன்ல ஏத்திட்டு உடனே ஆஸ்பத்திரி போங்கன்னாங்க. போனோம். டாக்டர் வேற ஊருக்கு டெபுடேஷன்ல போயிருக்காங்கன்னாங்க, நர்ஸ் பாத்துட்டு அதே மாத்திரையத்தான் குடுத்தாங்க, அதுவும் பத்து நாளைக்கு. கண்டுபிடிக்கறதுக்கு ஆள் வீட்டு வாசலுக்கே வராங்க, கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் போய் நிக்கற எடத்துல ஆளும் இல்ல மருந்தும் இல்ல.

அப்பதான் கண்மாய்க் கரையில வேலை பாக்கும்போது கருவேல முள்ளு ஏறிருச்சு. சுகர் கால்ல உணர்ச்சி இருக்காதுன்னு எனக்கு அப்ப தெரியாது. அம்மாவுக்கு வலிக்கவே இல்ல, மூணு நாள் கழிச்சு செருப்புல ஈரமா இருக்கேன்னு பாத்தா சீழ். சுண்டு விரலுக்கு அடியில ஒரு ரூபா காசு அளவுக்கு தோல் வெள்ளையா ஊறிப்போய் கிடந்துச்சு, ஓரம் கருத்திருந்துச்சு. கட்டு மாத்த நம்ம நிலையத்துக்குப் போனா காலைல மட்டும்தான் டிரெஸ்ஸிங், நான் கடைக்கு ஒன்பதரைக்கு போகணும், அம்மா தனியா நடந்து போக முடியாது, அதனால சாயங்காலம் திறந்திருக்கற ஒரு தனியார் கிளினிக்குக்கு ஆட்டோல கூட்டிட்டுப் போனேன், 23 தடவ. அங்க புண்ண துடைச்சு மருந்து வச்சு கட்டி அனுப்புனாங்க, இதுக்கு மேல பெரியாஸ்பத்திரி போங்கன்னு 23-வது நாள்தான் சொன்னாங்க. அதுக்குள்ள ரெண்டு விரலும் கரிக்கட்டை மாதிரி ஆயிருச்சு.

பெரியாஸ்பத்திரில நல்லாத்தான் பாத்தாங்க, அத சொல்லாம விட்டா எனக்கு மனசாட்சி இல்ல. ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஒரு சின்ன வயசு டாக்டரம்மா வந்து அம்மா கால மடியில வச்சுப் பாத்துட்டு எனக்கு பொறுமையா விளக்குனாங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கான்னு கேட்டாங்க, குடுத்தேன், விரல எடுத்தாங்க, ஒரு ரூபா கேக்கல.

அந்த வார்டுல உக்காந்திருந்தப்பதான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சுது. எங்கம்மா விரல வெட்டறதுக்கு இந்த அரசாங்கத்துகிட்ட காசு இருக்கு. அந்த விரலு வெட்டற நிலைமைக்கு வராம இருக்கறதுக்கு வேண்டிய இருபது நாள் மாத்திரைக்கும், ஒரு டிரெஸ்ஸிங் ரூமுக்கும், சாயங்காலம் ஒரு டாக்டருக்கும் காசு இல்ல. கார்டு பெரும்பாலும் ஆஸ்பத்திரில படுத்தாத்தான் வேலை செய்யும். படுக்காம இருக்கறதுக்கு கார்டு உதவாது.

நான் ஒரு 40 பக்க நோட்டுல செலவெல்லாம் எழுதி வச்சிருக்கேன், கடைல பில் போட்டு போட்டு வந்த பழக்கம். ஆபரேஷனுக்கு முன்னாடி மட்டும்: கட்டு மாத்த 23 தடவ, தடவைக்கு 150, ஆக 3,450. ஆட்டோ போக வர 120 வீதம் 2,760. கால்ல ரத்த ஓட்டம் பாக்க டாப்ளர் ஸ்கேன் 1,800. சீழ் டெஸ்ட் 700. ஆன்டிபயாடிக் மாத்திரை ஊசி 2,640. கூட்டிப் பாருங்க, 11,350, அதாவது என் ஒரு மாசச் சம்பளம் அப்படியே. ஆபரேஷனுக்கு அப்புறம் வீட்டுல வந்து கட்டு மாத்துனது, சுகர் காலுக்குன்னு மெத்துன்னு செய்யற எம்சிஆர் செருப்பு, சுகர் டெஸ்ட் எல்லாம் சேத்தா மொத்தம் 31,000-ஐத் தாண்டிருச்சு. என் தோடு இன்னும் அடகுக் கடையிலதான் இருக்கு. ஆபரேஷன் வரிசையில மட்டும் சைபர் போட்டிருக்கேன். அந்த வரிசைய மட்டும் பாத்தா, காப்பீட்டுத் திட்டத்தால பலனடைந்த குடும்பம்னு உங்க கணக்குல நாங்க வருவோம். எங்க நோட்டுல வேற கணக்கு இருக்கு.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லங்கறதுக்குத்தான் கொஞ்சம் படிச்சுப் பாத்தேன். மத்திய அரசு வெளியிடற தேசிய சுகாதாரக் கணக்குல, மொத்த மருத்துவச் செலவுல மக்கள் கைக்காசு 2013-14-ல 64.2 சதவீதமா இருந்தது 2021-22-ல 39.4 சதவீதமா குறைஞ்சிருக்குன்னு போட்டிருக்காங்க. குறைஞ்சது நல்லதுதான். ஆனா நூறு ரூபாய்ல 39 ரூபா இன்னும் நோயாளி முந்தானையில இருந்துதான் போகுது, அதுல பெரும்பகுதி படுக்காம பாத்துட்டு வர வைத்தியத்துக்கும் மருந்துக்கும்தான். அதத்தான் நம்ம காப்பீடு பெரும்பாலும் தொடறதில்ல. சுகர், பிரஷர் மாதிரி நோய் நிலவரம் பாக்க தமிழ்நாட்டுல 2020-ல எடுத்த ஸ்டெப்ஸ் சர்வே உங்க துறை எடுத்ததுதான், அதுல சுகர் இருக்கறவங்கள்ல அது கட்டுக்குள்ள இருக்கறது 10.8 சதவீதம் பேருக்குத்தான், பிரஷர் கட்டுக்குள்ள இருக்கறது 7.3 சதவீதம் பேருக்குத்தான்னு வந்துச்சு. அதுக்கப்புறம் முன்னேறியிருக்கோம்னு சொல்றீங்க, ஏத்துக்கறேன். ஆனா பத்துல ஒருத்தருக்குன்னு இருந்த எடத்துல இருந்து எவ்வளவு முன்னேறினாலும் மாத்திரை ஒழுங்கா கிடைக்காம அது எப்படி நிலைக்கும்?

அனைவருக்கும் மருத்துவம்னு பேச்சு வரும்போதெல்லாம் டிவில ரெண்டு பக்கமா பிரிஞ்சு பேசறாங்க. ஒரு பக்கம், காப்பீட்டுத் தொகைய ஏத்துங்க, இன்னும் தனியார் ஆஸ்பத்திரிகள சேத்துக்கங்க, அரசாங்கம் பிரீமியம் கட்டிட்டா போதும்ங்கறாங்க. நானும் அத நம்பியிருக்கேன், அட்டை இருக்குன்னா ஒரு தைரியம் இருக்கும்ல. 2009-ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தப்ப ஒரு குடும்பத்துக்கு 1 லட்சம்னாங்க, 2012-ல முதலமைச்சர் விரிவான காப்பீட்டுத் திட்டமாச்சு, 2018-ல மத்திய அரசு திட்டத்தோட சேந்து வருஷத்துக்கு 5 லட்சமாச்சு. தொகை ஏறிக்கிட்டேதான் வந்திருக்கு. எங்கம்மாவுக்குத் தேவைப்பட்டது அஞ்சு லட்சம் இல்ல, மாசம் 280 ரூபா மாத்திரை.

தனியார்ல கார்டு எப்படி வேலை செய்யுதுன்னும் பாத்துட்டேன். எங்க சித்தப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரில சேத்தோம், கார்டு எடுப்போம்னாங்க, அப்புறம் சித்திய தனியா கூப்பிட்டு "ரத்தக்குழாய்ல வைக்கற ஸ்டென்ட், கார்டுல வரது சுமார்தான், நல்லது வேணும்னா 40,000 கட்டுங்க"ன்னாங்க. தியேட்டர் வாசல்ல நிக்கற பொம்பளைகிட்ட நல்லது வேணுமா சுமார் வேணுமான்னு கேட்டா என்ன சொல்லுவா? கட்டுனாங்க. ரசீது குடுக்கல. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுன்னு அரசு குடுக்குற பேக்கேஜ் ரேட் கட்டுபடியாகலன்னு அவங்க சொல்றாங்க, அது உண்மையாவே இருந்தாலும் அத நீங்களும் அவங்களும் பேசித் தீக்கணும், சித்தி தாலிக்கொடி வரைக்கும் அது வரக்கூடாது.

கார்டு யாருக்கு கிடைக்கும்ங்கறதும் இருக்கு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள்ள இருக்கணும், விஏஓகிட்ட வருமானச் சான்று வாங்கணும். மாசம் பத்தாயிரம். எங்க கார்டு அப்பா இருக்கும்போது எடுத்தது, இன்னைக்கு புதுசா போய் நின்னா என் 11,500 சம்பளத்துக்கு சட்டப்படி கிடைக்காது. என்கூட கடைல வேலை பாக்கறவங்கள்ல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சம்பாதிக்கற வீடு எதுக்கும் கிடைக்காது. 70 வயசு ஆயிட்டா வருமானம் பாக்காம உண்டுன்னு 2024 அக்டோபர்ல மத்திய அரசு தொடங்கி வச்சுது. ஐம்பதுலயும் அறுபதுலயும்தான எங்க ஊர்ல சுகரும் பிரஷரும் ஆள சாய்க்குது?

வேற வழி இருக்குன்னு நீங்களே செஞ்சு காட்டியிருக்கீங்க, அதனாலதான் எனக்கு ஆதங்கம் ஜாஸ்தி. சூளகிரி, விராலிமலை, வேப்பூர்னு மூணு வட்டாரத்துல அனைவருக்கும் மருத்துவம்னு ஒரு முன்னோட்டத் திட்டம் நடத்துனீங்க. துணை சுகாதார நிலையத்த பலப்படுத்தி, நர்ஸ் அங்கயே இருந்து, சுகர் பிரஷர் மருந்து அங்கயே கிடைக்கற மாதிரி பண்ணப்ப ஜனங்க தனியாருக்குப் போறது குறைஞ்சுது, கைக்காசு செலவு குறைஞ்சுது, ஐஐடி மெட்ராஸ்ல இருக்கறவங்க ஆராய்ஞ்சு சொன்னாங்க. எங்களது புதுக்கோட்டை மாவட்டம்தான், விராலிமலை எங்க மாவட்டத்துலயே இருக்கு. அங்க நடந்தது எங்க ஊருக்கு வர இத்தன வருஷமா?

மருந்து வாங்கற விஷயத்துல நாட்டுக்கே வழி காட்டுனது நாமதான். 1994-ல மருத்துவப் பணிகள் கழகம்னு ஆரம்பிச்சு, மருந்த மொத்தமா வாங்கி, டெஸ்ட் பண்ணி, மாவட்ட குடோன்ல இருந்து பாஸ்புக் கணக்குல ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் அனுப்பற முறைய மத்த மாநிலங்கள் வந்து பாத்துட்டுப் போனாங்க. அப்படி இருக்கற ஊர்ல மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை ஸ்டாக் இல்லன்னா அத என்னால ஏத்துக்க முடியல. அது உலகத்துலயே விலை குறைஞ்ச மாத்திரைகள்ல ஒண்ணு. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல தொடங்குச்சு, 2024-ல ஐநா விருதே கிடைச்சுது, எனக்கும் பெருமைதான். 2023-ல இதயம் காப்போம்னு சொல்லி நெஞ்சு வலின்னு வரவங்களுக்கு குடுக்க 14 மாத்திரைய ஆரம்ப சுகாதார நிலையத்துலயே வச்சீங்க, அது எத்தன உயிர பிடிச்சு நிறுத்தியிருக்கும். இதெல்லாம் தெரிஞ்ச துறைக்கு மாசாந்திர மாத்திரை ஒழுங்கா வரணும்ங்கறது தெரியாதா?

தாய்லாந்துல 2002-லயே 30 பாட் (பாட்ங்கறது அந்த ஊர் காசு) திட்டம்னு கொண்டு வந்தாங்க, அரசு வேலை காப்பீட்டுலயும் தொழிலாளர் காப்பீட்டுலயும் இல்லாத எல்லாரும் அதுல, வருமானச் சான்று கிடையாது. அவங்கவங்க ஊர் ஆஸ்பத்திரில பதிவு, தலைக்கு இவ்வளவுன்னு அரசு பணம் கட்டும், ஓபி (படுக்காம பாத்துட்டு வர வைத்தியம்), மருந்து எல்லாம் அதுக்குள்ள. அவ்வளவு தூரம் போக வேண்டாம், பக்கத்துல கேரளாவுல 2017-ல ஆர்த்ரம்னு ஆரம்பிச்சு குடும்ப சுகாதார மையத்துல சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் ஓபி வச்சாங்க. 2017 தேசிய சுகாதாரக் கொள்கையிலயே எழுதியிருக்கு, சுகாதாரப் பணத்துல மூணுல ரெண்டு பங்கு இல்ல அதுக்கு மேலயும் ஆரம்ப நிலை மருத்துவத்துக்குப் போகணும்னு, மாநிலங்கள் 2020-க்குள்ள பட்ஜெட்ல 8 சதவீதத்துக்கு மேல சுகாதாரத்துக்கு ஒதுக்கணும்னு. காசு குடுக்க முடியலங்கறதுக்காக யாருக்கும் வைத்தியம் கிடைக்காம போகக் கூடாதுன்னு 1946-லயே ஜோசப் போர் (Bhore) தலைமையில இருந்த சுகாதாரக் கமிட்டி சொல்லிருச்சு.

காப்பீட்ட நிறுத்துங்கன்னு நான் சொல்லல. சித்தப்பா உயிரோட இருக்கறது அதாலதான். ஆனா அடுத்து கைக்கு வர புதுப் பணத்த பிரீமியத்துல கொட்டாதீங்க, முதல்ல எங்க ஊர் நிலையத்துல போடுங்க.

நான் கேக்கறது இதுதான். சுகர், பிரஷர் மாத்திரை எந்த ஆரம்ப சுகாதார நிலையமா இருந்தாலும் துணை சுகாதார நிலையமா இருந்தாலும் 30 நாளைக்குக் குறையாம குடுக்கணும்னு எழுத்துப்பூர்வமா உத்தரவு போடுங்க. ஸ்டாக் இல்லன்னா நோயாளிய வெளிய அனுப்பக் கூடாது, அந்த நிலையமே பக்கத்துல வாங்கிக் குடுக்க அவங்க கையில பணமும் அதிகாரமும் குடுங்க. என்னென்ன மருந்து எவ்வளவு இருக்குன்னு வாசல்ல போர்டுல எழுதிப் போடச் சொல்லுங்க, தமிழ்ல, தினமும்.

வாரத்துல மூணு நாளாவது சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் ஓபியும் டிரெஸ்ஸிங்கும் கிராமத்து நிலையத்துலயும் வேணும், கூலி வேலைக்குப் போறவங்க காலைல வர முடியாது. டாக்டர டெபுடேஷன்ல எடுத்தா அதே நாள்ல மாத்து டாக்டர் வந்திருக்கணும், அதுக்கு ஏத்த மாதிரி காலிப் பணியிடத்த நிரப்புங்க.

சுகர் இருக்கற ஒவ்வொருத்தருக்கும் வருஷத்துக்கு ரெண்டு தடவ கால் சோதிச்சுப் பாக்கணும். பாதம் பாதுகாப்போம்னு நீங்களே திட்டம் வச்சிருக்கீங்க, அது எங்க துணை சுகாதார நிலையம் வரைக்கும் வரணும், உணர்ச்சி இல்லாத காலுக்கு எம்சிஆர் செருப்பு இலவசமா குடுக்கணும். விரலு போனதுக்கு அப்புறம் செருப்பு குடுத்து பிரயோஜனம் இல்ல. வீடு வீடா வர தன்னார்வலர் அக்காங்கள ஊக்கத்தொகையில வச்சிருக்காம சம்பளத்துல எடுங்க, அவங்கதான் எங்கம்மா சுகர் 340-ன்னு முதல்ல சொன்னவங்க.

காப்பீட்டு அட்டைக்கு வருமான உச்சவரம்ப எடுத்துருங்க, இல்ல ஒரே தடவைல முடியலன்னா மாசச் சம்பளம் வாங்கற சின்னக் கடை, மில்லு, வீட்டு வேலைக்காரங்க உள்ள வர மாதிரி ஏத்துங்க. கார்டு நோயாளிகிட்ட ரசீது இல்லாம காசு கேக்கற ஆஸ்பத்திரி எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் விசாரிச்சு, உண்மைன்னா பட்டியல்ல இருந்து எடுத்து பேர வெளியிடுங்க.

கடைசியா, வருஷா வருஷம் காப்பீட்டு பிரீமியத்துக்கு எவ்வளவு போகுது, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு எவ்வளவு போகுது, மருந்துக்கு எவ்வளவுன்னு மாவட்ட வாரியா பக்கத்துல பக்கத்துல வச்சு சட்டமன்றத்துல வையுங்க.

இப்ப வாங்குன மாத்திரை அடுத்த சனிக்கிழமை தீரும். அன்னைக்கு கடைல லீவு சொல்லிட்டேன், அம்மாவ கூட்டிட்டு எங்க நிலையத்துக்கு காலைல எட்டு மணிக்கே வந்து நிப்பேன், 30 நாள் மாத்திரை கேப்பேன்.

இப்படிக்கு,
புதுக்கோட்டை மாவட்டத்துல இருந்து ஒரு மகள்